மன்றேறாத வழக்கு

2013 அக்டோபர் 5ஆம் நாள். லிபியத் தலைநகர் திரிபோலியில் வைகறைத் தொழுகையை முடித்துக்கொண்டு தம் காரில் வீடு திரும்பினார் ஒருவர். வாயிலை நெருங்குமுன்னரே வண்டிகள் வந்து மறித்தன. கண்ணாடி நொறுங்கியது. சில நிமிடங்களில் அமெரிக்கச் சிறப்புப் படையினர் அவரைக் கவர்ந்து சென்றனர். அவரே அபு அனஸ் அல்லிபி; அவரைப் பிடிக்க 50 இலட்சம் டாலர் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது.

அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் சிறிதன்று. 1998 ஆகஸ்டு 7ஆம் நாள் நைரோபி, தாருஸ்ஸலாம் நகரங்களின் அமெரிக்கத் தூதரகங்கள் தகர்க்கப்பட்டன. 224 பேர் மாண்டனர். நைரோபியில் முதலில் எழுந்த சிறு வெடியோசை கேட்டு, யாதென்று காணச் சன்னலோரம் வந்து நின்றவர் பலர். மறுகணம் பெருவெடி. சிதறிய கண்ணாடி எத்தனையோ பேருடைய கண்ணொளியைப் பறித்தது. அவர்களுள் பெரும்பாலோர் அப்பகையோடு எத்தொடர்பும் இல்லாத கென்ய மக்கள்.

ஆராயாது கோவலனைக் கொல்வித்த பாண்டியன் கதையைப் பயின்றோர்க்கு, குற்றவாளியெனக் கருதப்பட்டவரை உயிருடன் மன்றேற்ற முனைந்ததன் அருமை விளங்கும். ஆயினும் அம்மன்றத்திற்குச் சென்ற வழி நேரியதா? பிறிதொரு நாட்டின் மண்ணில், அந்நாட்டின் ஒப்புதலை வெளிப்படப் பெறாது படை நுழைந்தது. பிடிபட்டவர் உடனே நீதிபதியின் முன் நிறுத்தப்படவில்லை. நடுநிலக்கடலில் நின்ற போர்க்கப்பலில் வழக்கறிஞர் துணையின்றி விசாரிக்கப்பட்டார். கடத்திக் கொணரப்பட்டவர் என்பதனாலேயே வழக்கு விழாது என 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. சட்டம் இடந்தந்தது, அறம் அவ்வளவு எளிதில் இடந்தருமா?

லிபிய அரசு விளக்கம் கேட்டது. ஆனால், அவ்வரசின் ஆற்றல் எத்தகையது? அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் அலி செய்தானையே விடுதியிலிருந்து ஆயுதக் குழுவினர் கொண்டு சென்று, சில மணி நேரங்கழித்து விடுவித்தனர். தன் தலைவரைக் காக்க இயலாத அரசு, தேடப்படுபவரைப் பிடித்து முறைப்படி ஒப்படைத்திருக்கும் என்று நம்புவதும் அரிது.

நியூயார்க் நீதிமன்றத்தில் அல்லிபி தாம் குற்றமற்றவர் என்றார். ஈரல் நோய் முற்றியிருந்தது. 2015 சனவரி 12இல் விசாரணை தொடங்கவிருக்க, சனவரி 2ஆம் நாள் மருத்துவமனையில் உயிர்நீத்தார். அவருடன் குற்றஞ்சாட்டப்பட்ட காலித் அல்ஃபவ்வாஸ் அவ்வாண்டு மே மாதத்தில் ஆயுள் தண்டனை பெற்றார். அல்லிபி செய்தாரா, செய்யவில்லையா என்பதை மட்டும் எம்மன்றமும் உரைக்கவில்லை.