யார் வீட்டுக்கு வந்தீங்க என்று கேட்ட ஊருக்கு

அன்புள்ள கட்டைபறிச்சானுக்கு,

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேசரைக் கும்பிடுகிறார்கள், கன்னியாவில் வெந்நீர் அள்ளி ஊற்றிக்கொள்கிறார்கள், நிலாவெளியில் கடல் குளித்துவிட்டுப் புறாத்தீவுக்குப் படகேறுகிறார்கள். எல்லாம் குடாவின் வடக்குப் பக்கத்தோடு முடிந்துவிடும். கோணேசர் மலையில் நின்று தெற்கே பார்த்தால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் கரும்பச்சையாய் ஒரு கோடு தெரியும். மூதூரும் சேனையூரும் சம்பூரும் நீயும் அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறீர்கள். படம் எடுக்கிறவர்கள் அந்தப் பக்கம் கமெராவைத் திருப்புவதில்லை. உன்னிடம் பட்ட கடன் எனக்கு நிறைய இருக்கிறது. அதைச் சொல்லாமல் வைத்திருப்பது சரியில்லை என்று தோன்றித்தான் இதை எழுதுகிறேன்.

கட்டைபறிச்சானே, என்னை உன்னிடம் அனுப்பி வைத்தது ஒரு சிறுகதை. மூதூரில் பிறந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி'. சொந்தமாய் ஒரு தோணி வேண்டும் என்று ஏங்குகிற மீனவப் பையனின் கதை. அந்தப் பெயரிலேயே வந்த தொகுப்புக்கு 1962 இல் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. அந்தக் கதையின் தண்ணீரையும் மணலையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டேன். முன்பென்றால் திருகோணமலைத் துறையில் லோஞ்ச் பிடித்துக் குடாவைக் கடக்க வேண்டும், அல்லது கிண்ணியாவில் படகுப்பாதைக்காகக் காத்து நிற்க வேண்டும். 2009 இல் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. மகாவலி கடலோடு சேரப் பல கிளையாய்ப் பிரிகிற அந்தச் சதுப்பு நிலத்தைப் பஸ் பாலம் பாலமாகத் தாண்டி வந்தது. மூதூரில் இறங்கியவள் அங்கேயே நின்றிருக்கலாம். கதையைத் தேடி வந்த கால், ரோட்டு போகிற பக்கம் போயிற்று. அந்த ரோட்டு உன் பாலத்தில் கொண்டுவந்து விட்டது.

கட்டைபறிச்சானே, உன் தெருவில் கால் வைத்த நேரத்திலிருந்து ஒரே கேள்விதான். கடைத் திண்ணையில் இருந்த பெரியவர் கேட்டார், சைக்கிளை நிறுத்திப் பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டாள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒரு அக்கா கேட்டார்: "யார் வீட்டுக்கு வந்தீங்க?" எதைப் பார்க்க வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்ப்பதற்கென்று ஒருவர் உன்னிடம் வரலாம் என்ற எண்ணமே உன் ஆட்களுக்கு இல்லை. வருகிறவர் யாரோ ஒருவருடைய வீட்டுக்கு வருகிறார், அவ்வளவுதான். நான் எத்தனையோ பெயர்பெற்ற இடங்களுக்குப் போயிருக்கிறேன். அங்கெல்லாம் என் பணப்பைக்கும் அறை எண்ணுக்கும் இடமிருந்தது. எனக்கொரு வீடு இருக்க வேண்டும் என்று நினைத்துக் கேட்டவன் நீ ஒருவன்தான். "ஒருத்தர் வீட்டுக்கும் இல்லை அக்கா, சும்மா வந்தேன்" என்றேன். வேலிக்கு மேலால் பார்த்தவர் படலையைத் திறந்தார். "அப்ப இங்க வாங்க மகள், வெயிலுக்க நிக்காதீங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்." அன்று பின்னேரம் தெருவில் இறங்கியபோது அதே கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அந்த அக்கா வீட்டுக்கு. பதிலைக் கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் அங்கே புதுமுகம் இல்லை.

களப்போரத்து ஊரே, உன் தண்ணீருக்கு நான் பட்ட கடனை எங்கே தொடங்குவது? பாலத்தில் நின்றால் இரு பக்கமும் கண்டல் காடு. வேர்கள் சேற்றிலிருந்து எழும்பி வளைந்து மறுபடி சேற்றுக்குள் இறங்குகின்றன. அவற்றுக்கு நடுவில் கண்ணாடித் துண்டுபோல் இறால் குஞ்சுகள் துள்ளுகின்றன. கடலில் பொரிக்கிற இறால் குஞ்சாக இருக்கும்போதே களப்புக்குள் வந்து, கண்டல் வேரடியில் ஒதுங்கி வளர்ந்து, பருவம் வந்ததும் மறுபடி கடலுக்குப் போகிறது. அது போகிற வழியில்தான் உன் வீச்சுவலைக்காரர்கள் நிற்கிறார்கள். கிழக்குக் கரையில் வற்றும் பெருக்கும் பெரிய அளவில் இராது. அந்தச் சிறிய அசைவையும் அவர்கள் நீரின் நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். வலையின் ஒரு பகுதியை முழங்கையில் தொங்கப்போட்டு, ஓரத்தைப் பல்லில் கடித்து, இடுப்பைத் திருப்பி எறிகிறபோது வலை முழு வட்டமாய் விரிந்து, ஈயக்குண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும். ஒரு ஐயா பக்கத்தில் நின்று எனக்கு அதைக் காட்டித் தந்தார். "அவசரப்பட்டா வலை நீளமா விழும், மகள். வட்டமா விழோணும்." கூடையில் கிடந்ததை எண்ணிப் பார்க்காமல் கைநிறைய அள்ளி ஒரு பையில் போட்டு, "அங்க குடுங்க, ஆக்கித் தருவா" என்றார். நான் யார் வீட்டில் இருக்கிறேன் என்று அதற்குள் பாலத்துக்கும் செய்தி போயிருந்தது.

ஊரே, உன் அடுப்புக்கும் நன்றி சொல்ல வேண்டும். அந்த இறால் முருங்கைக்காயோடு தேங்காய்ப் பாலில் வெந்து வந்தது. பக்கத்தில் பிட்டு. சாப்பாட்டுக்குப் பிறகு சட்டியோடு எருமைத் தயிர். சட்டியைச் சரித்தாலும் தயிர் அசையவில்லை. நான் காசை எடுத்தபோது அக்காவின் முகம் சட்டென்று மாறியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூலையில் இருந்த அம்மம்மாதான், "வச்சிருங்க பிள்ள. அடுத்த முறை வாறப்ப யாழ்ப்பாணத்துப் புழுக்கொடியல் கொண்டு வாங்க" என்று சொல்லி அந்த நேரத்தைக் காப்பாற்றினார்.

கட்டைபறிச்சானே, உன் குடாவில் வந்து ஒதுங்கிய பழைய விருந்தாளி ஒருவனையும் எனக்குத் தெரியும். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் தன் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் நாட்ட அது கொட்டியாரத்துக்கு வந்தது. கப்பல் தலைவரின் மகன் ரொபேட் நொக்ஸ் அதில் இருந்தான். 1660 ஏப்ரலில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அவர்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் கண்டி நாட்டில் வைத்ததும், தகப்பன் அங்கே இறந்ததும், மகன் ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து 1679 இல் மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி வந்ததும், 1681 இல் இலண்டனில் அவன் நூல் வெளிவந்ததும் பலரும் அறிந்த செய்தி. மூதூரில் அவர்கள் நினைவாக ஒரு கல்லும் உண்டு. அந்த நூலில் என் மனம் நிற்கிற இடம் சிறைப்பட்ட கதையன்று. பிடிபடுமுன் இருபது நாளளவு அவர்கள் இந்தக் கரையில் இறங்கித் திரிந்திருக்கிறார்கள். முதலில் ஊராரைப் பார்த்து அஞ்சியதையும், ஊரார் நல்லமுறையில் நடந்து காசுக்கு உணவுப்பொருட்கள் கொடுத்ததால் அந்த அச்சம் விட்டுப்போனதையும் நொக்ஸ் எழுதி வைத்திருக்கிறான். அரசனின் ஆணை பிறகு வந்தது. அந்தக் கரையின் குணம் அதற்கு முன்பே எழுத்தில் பதிந்துவிட்டது. முந்நூற்று அறுபது வருடத்துக்குப் பிறகு அதே குடாவின் பக்கத்தில் எனக்கு இறால் அள்ளித் தந்த கையைப் பார்த்தபோது, அந்த இருபது நாளை நான் முழுதாக நம்பினேன்.

என் ஊரே என்று உன்னை அழைக்க எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது. ஆனாலும் சொல்கிறேன், என் ஊரே, நீ வசதியாய் இருந்து விருந்து கொடுக்கவில்லை. போர்நிறுத்தக் காலத்தில் இரண்டு ஆட்சிகளுக்கு நடுவிலான கோடு உன்மேல்தான் ஓடியது. மூதூருக்குச் சாமான் வாங்கப் போவதும் திரும்புவதும் காவலரணைத் தாண்டித்தான். 2006 இல் குண்டுகள் விழுந்தபோது கொட்டியாரத்துச் சனம் வெருகலைக் கடந்து வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடியது. 2007 இல் உன் மக்கள் திரும்பினார்கள். வீட்டுக் கூரையில்லை, மாடுகள் இல்லை. அந்த நிலையில்தான் சம்பூர் ஆட்கள் உன் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவர்களுடைய நிலம் உயர்பாதுகாப்பு வலயமாகி வேலிக்குள் போயிருந்தது. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் உன்னிடத்திலும் தகரக் கொட்டில்களில் அவர்கள் இருந்தார்கள். 2015 இலும் 2016 இலும் காணி விடுவிக்கப்படும்வரை, ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய் வாசிக்கப் பழகுகிற காலம் அது. உன் கிணற்றில் அவர்கள் தண்ணீர் அள்ளினார்கள், உன் பள்ளிக்கூடத்தில் அவர்கள் பிள்ளைகள் இருந்தார்கள். தன் வீட்டுக்கே கூரை போடாதவன் அடுத்தவனுக்கு இடம்விட்டு இருந்த அந்த வருடங்களை நாங்கள், வேறு ஊர்க்காரர்கள், போதிய அளவு பேசவில்லை. நீயும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் கேட்டபோது அக்கா சொன்னது இவ்வளவுதான்: "அவங்க எங்க போவாங்க?"

கட்டைபறிச்சானே, சீனாவில் வேலைபார்க்கும் என் சிநேகிதி ஒருத்தியிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவள் வடக்கே சான்சி மாகாணத்தில், உலகமே போய்ப் பார்க்கிற பிங்யாவோ நகரின் மதிலைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் பெயர் தெரியாத ஒரு சிறுநகரத்தில் இறங்கியிருக்கிறாள். மண்குன்றைக் குடைந்த வீடுகள், தினைக் கஞ்சி, எல்லாச் சாப்பாட்டிலும் புளிக்காடி. அங்கேயும் வெளியூர் ஆளைப் பார்த்த கிழவிகள் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்களாம். மதில் நினைவில் மங்கிவிட்டது, அந்தக் கிழவிகளின் முகம் மங்கவில்லை என்றாள். உனக்கு அவ்வளவு தொலைவில் உறவு இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதினேன்.

கட்டைபறிச்சானே, நவராத்திரிக்கு மறுபடி வந்தேனே, அந்த இரவுகளுக்கான கடன் தனி. யாழ்ப்பாணத்தில் நவராத்திரி என்றால் எங்களுக்குக் கொலு, சரஸ்வதி பூசை, அவல், சுண்டல். கொட்டியாரத்தில் அது கும்ப விழா. கிடுகால் வேய்ந்த கும்பத்துமால் என்ற பந்தல், உள்ளே வேப்பிலை மணம், இரவு முழுதும் உடுக்கும் பாட்டும். கடைசி இரவில் அலங்கரித்த கும்பத்தைத் தலையிலேற்றிக்கொண்டு இளைஞர்கள் தெருவில் ஆடி வந்தார்கள். பாரத்தில் ஒருவருக்குக் கழுத்து தளரும்போது அடுத்தவர் வந்து தலையைக் கொடுத்தார். பகலில் வயலிலும் களப்பிலும் கண்ட அதே முகங்கள், ஆனால் எனக்கு அடையாளம் பிடிபடவில்லை. வீட்டு வாசல்தோறும் குடத்தில் தண்ணீரும் மஞ்சளும் வைத்துக் காத்து நின்றார்கள். நான் ஓரமாய் நிற்க, அக்கா என் கையில் குடத்தைத் தந்து, "நம்மட வாசல், நீங்களும் ஊத்துங்க" என்றார். அந்த "நம்மட" வாசலில் நின்று தண்ணீர் ஊற்றியதைக் காட்டிலும் பெரிதாக எனக்கு எந்த ஊரும் எதையும் தந்ததில்லை.

களப்போரத்து ஊரே, உன் பக்கத்தில் சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று வருவதாக இருந்தது. 2016 இல் அது கைவிடப்பட்டது. வந்திருந்தால் கரியின் சாம்பலும் சுடுநீரும் உன் கடலையும் கண்டலையும் என்ன செய்திருக்கும் என்று நினைக்கவே பயமாயிருக்கிறது. எதிர்த்து எழுதியும் பேசியும் நின்றவர்களுக்கும் இந்த மடலில் என் நன்றியைச் சேர்த்துக்கொள். இப்போது அங்கே சூரிய மின்சாரத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். மின்சாரம் வரட்டும். களப்பு களப்பாகவே இருக்கட்டும்.

கட்டைபறிச்சானே, இதை வாசித்துவிட்டு யாராவது உன்னிடம் வரக்கூடும். அவர்கள் கையில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் இருந்தால் திண்ணையில் இருத்தி முதலில் தேத்தண்ணி கொடு. மிச்சத்தை உன் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். அம்மம்மாவிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவிடு: போன முறை கொண்டுவந்த புழுக்கொடியல் பல்லுக்குக் கடினம் என்றாரே, இம்முறை அம்மா அதை இடித்து மாவாக்கித் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துத் தருகிறார். அம்மாவும் கூட வருகிறார். திருகோணமலையில் காலை பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானச் சோற்றுக்கு முன் வந்துவிடுவோம். இறால் வேண்டாம், அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. முருங்கையிலைச் சொதியே போதும்.

உன் அன்பில் கடன்பட்ட,
யாழ்ப்பாணத்து மகள்