எந்த சிலிண்டர் அடிக்கவில்லை?

வெற்றிலை காத்திருக்காது. ஆத்தூர் கொடிக்காலில் கிள்ளி அடுக்கிய கட்டுகள் வெயில் ஏறுவதற்குள் தூத்துக்குடி போய்ச் சேர வேண்டும். பழைய டர்போ டீசல் காரில் கட்டு ஏற்றிவந்த விவசாயி ஒருவருக்கு ஒரு வாரமாக வண்டி மிஸ்ஸிங். நின்றபடியே குலுக்கல், வெள்ளைப் புகை, பாலம் ஏறினால் இழுவை இல்லை. முதலில் பார்த்த ஒர்க்ஷாப்பில், டர்போவை மாற்றச் சொல்லிவிட்டார்கள். வீட்டம்மாவின் செயினை அடகுக்கு எடுத்து வைத்தாகிவிட்டது.

அதற்கு முன், உப்பளத்து டீசல் இன்ஜின்களைப் பார்த்துப் பழகிய முத்தையாபுரம் மெக்கானிக் ஒருவரிடம் வண்டி போனது.

"டர்போ போயிட்டுன்னு சொல்லுதாவ அண்ணாச்சி."

"நின்னுக்கிட்டே குலுங்குதுல்லா? அப்போ டர்போவைப் பொறவு பாப்போம்."

காரணம் இருக்கிறது. வண்டி ஸ்லோவில் ஓடும்போது டர்போவுக்குப் பெரிய வேலை இல்லை. டர்போ ஹோஸ் கிழிந்தால் பாரம் இழுக்கும்போதுதான் கரும்புகையும் 'புஸ்' சத்தமும் வரும். டர்போ சீல் தேய்ந்து ஆயில் எரிந்தால் புகை நீலமாக இருக்கும். சூடான பிறகும் வெள்ளைப் புகை டீசல் வாசனையோடு வந்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் எரியாமல் போகிறது என்று பொருள்.

முதலில் டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்தார். தண்ணீர் வந்தது. அதை வடித்து, காற்றையும் எடுத்தார். குலுக்கல் குறைந்தது, நிற்கவில்லை. அடுத்து, இன்ஜின் ஓட ஓட ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் சற்றுத் தளர்த்தி இறுக்கினார். 1, 2, 4 ஆகியவற்றைத் தளர்த்தியபோது இன்ஜின் மேலும் தடுமாறியது. 3-ஐத் தளர்த்தியபோது எந்த மாற்றமும் இல்லை. கோளாறு அங்கேதான்.

அது இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா? 3-ன் இன்ஜெக்டரை 1-ல் மாற்றிப் போட்டார், புதிய செம்பு வாஷரோடு. மிஸ்ஸிங்கும் 1-க்கு இடம் மாறியது. மாறாமல் 3-லேயே இருந்திருந்தால் வால்வு, ரிங், ஹெட் கேஸ்கெட் என்று பெரிய வேலை. பம்ப் கடையில் சோதித்தபோது, பனிபோலப் பீய்ச்ச வேண்டிய நாசில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. நாசில் மட்டும் மாறியது. செயின் பீரோவுக்கே திரும்பியது.

வெற்றிலைக்கொடி வாடினால் வேரைப் பார்க்காமல் மருந்து அடிப்பதில்லை. வண்டிக்கும் அதே முறைதான்.

ஒரு எச்சரிக்கை: நட்டைத் தளர்த்தும் சோதனை பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும், அதுவும் பழகிய கைக்கு மட்டும். காமன் ரெயில் வண்டியில் டீசல் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். பீய்ச்சினால் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். அதில் ஸ்கேனர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கடற்கரை உப்புக்காற்றில் ஒயர் கனெக்டர் பச்சை பூத்திருக்கிறதா, எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடலாம்.

ஃபில்டர் தண்ணீரை அவ்வப்போது வடியுங்கள். டேங்க்கை நாள்கணக்கில் பாதி காலியாக விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து தண்ணீராகும். டர்போவை மாற்றச் சொன்னால், "எந்த சிலிண்டர் அடிக்கலன்னு பாத்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.