பழைய வீட்டில் புதிய விளக்கு

பொதிகை மலையிலிருந்து இறங்கும் தாமிரபரணி நம் பள்ளத்தாக்கிற்கு நெல்லையும் வாழையையும் மட்டும் தரவில்லை, ஒளியையும் தந்தது. 1880களிலேயே பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் விசையைக் கொண்டு விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை இயங்கலாயிற்று. பைக்காராவில் 1932-லும், மேட்டூரில் 1937-லும் நீரிலிருந்து மின்சாரம் பெற்ற பின்னர், 1944-இல் பாபநாசம் மின் நிலையம் செயற்படத் தொடங்கியது. அதன்பின் ஆற்றங்கரை ஊர்களில் ஒவ்வொன்றாகக் கம்பங்கள் நடப்பட்டன. அரிக்கேன் விளக்கின் அடியில் செபமாலை சொல்லிப் பழகிய குடும்பங்கள் உத்தரத்தில் தொங்கிய கண்ணாடிக் குமிழை அண்ணாந்து பார்த்து வியந்தன.

அந்தக் குமிழ் போய், குழல் விளக்கு வந்து, அதுவும் போய் இன்று எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது. ஆனால் விளக்கு மாறிய அளவிற்கு அதன் பின்னே ஓடும் கம்பி மாறவில்லை. தேக்கு ரீப்பரில் கிளிப் அடித்து ஓட்டிய ரப்பர் உறைக் கம்பிகளே இன்றும் பல பழைய வீடுகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. இதன் பொருள் என்னவென்பதை நமக்குப் புரிய வைத்தது ஒரு வீட்டில் கண்ட நிகழ்ச்சி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழையால் தாமிரபரணி கரை கடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். வெள்ளம் வடிந்து சில வாரங்களுக்குப் பின், சுவர்களின் ஈரம் இன்னும் உலராதிருந்த நாட்களில், இல்லங்களைச் சந்திக்கச் சென்றோம். கோவில் மோட்டாரைப் பார்க்க வந்திருந்த வயர்மேன் ஒருவரும் நம்முடன் வந்தார். ஒரு வீட்டில் தனித்து வாழும் மூதாட்டிக்கு, மும்பையிலிருக்கும் மகன் உலோகச் சட்டமிட்ட அழகிய எல்.இ.டி. விளக்கொன்றை அனுப்பியிருந்தான். அண்டை வீட்டு இளைஞன் முக்காலி மேல் ஏறி, பழைய சீலிங் ரோஸின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"இறங்கு தம்பி" என்றார் வயர்மேன்.

"சுவிட்சை அணைத்துவிட்டேன், அண்ணாச்சி. பிறகென்ன பயம்?"

வயர்மேன் தம் டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ளதென்று தெரிந்த பிளக்கில் வைத்து, அது சரியாக எரிகிறதா என்று பார்த்தார். பின்னர் முக்காலியில் ஏறி ரோஸின் முனையைத் தொட்டார். சுவிட்ச் அணைந்தேயிருந்தது, டெஸ்டரோ எரிந்தது.

இதன் காரணத்தை அவர் எளிமையாக விளக்கினார். வீட்டிற்குள் வரும் இரு கம்பிகளில் ஒன்று பேஸ், மற்றொன்று நியூட்ரல். சுவிட்ச் பேஸ் கம்பியை வெட்ட வேண்டும். அன்று வேலை செய்தவர் இங்கே நியூட்ரலில் சுவிட்சை வைத்துவிட்டார். விளக்கு அணையும், ஆனால் 230 வோல்ட் விளக்கின் முனை வரை வந்து காத்து நிற்கும். நிறத்தைப் பார்த்தும் அறிய முடியாது. பழைய முறையில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் அறுபது ஆண்டுத் தூசியிலும் புகையிலும் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகிவிட்டன. புதிய விளக்கிலோ பழுப்பும் நீலமும் இருந்தன. பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல் என்பது அயல்நாட்டு வழக்கம். நம் நாட்டிலோ மூன்று பேஸ் இணைப்பில் நீலமும் ஒரு பேஸ்!

வயர்மேன் மெயினை அணைத்து, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தம் பையிலே போட்டுக்கொண்ட பிறகே கம்பியைத் தொட்டார். தொட்ட இடத்தில் ரப்பர் உறை பொரியைப் போல் உதிர்ந்தது. குண்டு பல்பின் வெப்பம் ஆண்டுக்கணக்காக மேலேறி அதைச் சுட்டிருந்தது. உலோகச் சட்டமுள்ள விளக்கிற்கு எர்த் கம்பி வேண்டும். அந்தப் பாயிண்டிற்கு அது வரவேயில்லை. உறை உதிர்ந்த கம்பி சட்டத்தில் உரசினால், சட்டம் முழுவதும் மின்சாரம் பாயும்.

"பியூஸ் இருக்கிறதே, அது போய்விடாதா?" என்றான் இளைஞன். நம் மனத்திலும் இருந்த கேள்விதான். வயர்மேன் கணக்குச் சொன்னார். அந்தப் பியூஸ் 5 ஆம்பியர், அதாவது 5,000 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். மனிதன் உயிரைப் போக்க அதில் ஒரு சிறு பங்கே போதும். பியூஸ் கம்பிக்குக் காவல், மனிதனுக்கன்று. மனிதனுக்குக் காவல் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, இமைப்பொழுதில் இணைப்பை அறுத்துவிடும்.

ஆகவே வயரிங்கையே மாற்ற வேண்டும் என்றார். மூதாட்டியின் முகம் வாடிற்று.

"சாமி, இது அவுக மில்லுல போனஸ் வாங்கிப் போட்டது. இத்தனை வருசமா ஒரு குறையும் வைக்கல. கையில இருக்க பணம் அவுக கல்லறையக் கட்ட வச்சிருக்கேன். ஒரு லைட்டு மாட்ட அதை எடுக்கவா?"

உடனே விடை கூற இயலாத கேள்வி. இறந்தோரை நினைப்பது கடமையென்று போதிப்பவர்கள் நாம். எனினும் சிறிது பொறுத்து, "அவர் இந்த வயரிங்கைப் போட்டது எதற்காக, அம்மா?" என்று மட்டும் கேட்டோம். அவர் நெடுநேரம் உத்தரத்தையே பார்த்திருந்தார். பின்னர், "நான் இருட்டுல கிடக்கக் கூடாதுன்னுதான்" என்றார்.

முழு வீட்டிற்கும் பணம் போதவில்லை. படுக்கும் அறைக்கும் அடுப்படிக்கும் மட்டும் பிளாஸ்டிக் குழாயில் புதுக் கம்பி ஓட்டி, புதிதாக எர்த் அமைத்து, ஆர்.சி.சி.பி. பொருத்தினார்கள். பழைய வரிசைகளை மெயினிலேயே துண்டித்துவிட்டார்கள். முன்னறை சில மாதம் இருண்டே கிடந்தது. கல்லறை கருங்கல்லுக்குப் பதிலாகச் சிமெண்டில் அமைந்தது. ஆர்.சி.சி.பி. வாங்கிய நாளில், பழைய வரிசையொன்றை அதனோடு இணைத்துப் பார்த்தபோது அது நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. "அதைத் தள்ளிவிட்டு நேராகக் கொடுங்கள்" என்று தெருவில் சிலர் ஆலோசனை கூறினர். வயர்மேன் இணங்கவில்லை. எங்கோ ஈரச் சுவரில் மின்சாரம் கசிகிறது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. சொல்வதைக் கேளாமல் அதன் வாயைக் கட்டுவது அறிவுடைமையாகுமா?

அன்பர்களே, உங்கள் வீடு பழையதாயின் சிலவற்றைக் கருதுங்கள். சுவிட்சை அணைத்த பின்னும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக ஒளிர்ந்தால், அது நியூட்ரலில் சுவிட்ச் இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். நியூட்ரலில் தனிப் பியூஸ் உள்ளதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்; அது போனால் வீடு இருண்டிருக்கும், கம்பியோ உயிரோடிருக்கும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே அதைத் தடை செய்திருந்தன. விளக்கை மாற்றும் வேலை எவ்வளவு சிறிதாயினும், உரிமம் பெற்றவரை அழையுங்கள். அவர் மெயினை அணைத்துச் சோதித்த பின்பே தொட விடுங்கள்.

சிறப்பாக, திருவருகைக் காலம் வந்தால் நம் பிள்ளைகள் வாசலில் நட்சத்திரம் கட்டுவார்கள். அதற்கு மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் திண்ணையிலுள்ள பழைய ஹோல்டரிலிருந்துதான். பனி நனைக்கும் இரவில், உதிர்ந்த உறையுள்ள கம்பியில் அந்த நட்சத்திரம் தொங்குகிறது. ஆதலால் நட்சத்திரம் வாங்கும் முன் அந்த ஹோல்டரின் மூடியைத் தகுந்தவரைக் கொண்டு ஒருமுறை திறந்து பாருங்கள். நவம்பர் மாதத்திலேயே அதைச் செய்துவிடுவது நன்று; டிசம்பரில் வயர்மேன் கிடைப்பது அரிது.