ஒரு சொட்டுத் தண்ணீரும் இரண்டு மதிப்பெண்ணும்



ரிட்டயர் ஆன பிறகு வாத்தியார் என்ன செய்கிறார் என்று பலரும் கேட்கிறீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள். தண்ணீர் சொட்டுவதைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மகன் தன் பழைய கேமராவையும் ஃபிளாஷையும் கொடுத்துவிட்டுப் போனான். மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் ஒன்று வாங்கி, பிளாஸ்டிக் பாட்டிலில் செருகித் தொங்கவிட்டேன். கீழே ஒரு தட்டில் தண்ணீர். சின்னச் சக்கரத்தை உருட்டினால் சொட்டுச் சொட்டாக விழும். இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி.

முதல் வாரம் எடுத்த படமெல்லாம் வெறும் கோடுகள். அப்புறம்தான் உங்களுக்கு நடத்திய கணக்கே நினைவுக்கு வந்தது. 45 செ.மீ. உயரத்திலிருந்து விழும் சொட்டு 0.3 விநாடியில் தட்டைத் தொடும். அப்போது வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர். ஷட்டர் 1/200 விநாடி திறந்திருந்தால், அதற்குள் சொட்டு ஒன்றரை செ.மீ. ஓடிவிடும். கோடு விழாமல் என்ன செய்யும்?

வழி ஷட்டரில் இல்லை, ஃபிளாஷில் இருந்தது. அறையை இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்து வைத்து, ஃபிளாஷின் சக்தியைக் குறைக்க வேண்டும். சக்தி குறைந்தால் அது மின்னும் நேரமும் குறையும். 1/16 அளவில் வைத்தால் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடி. அதற்குள் சொட்டு 0.3 மி.மீ.தான் நகரும். சொட்டு விழும் இடத்தில் பேனாவை நிறுத்தி, அதன் முனைக்கு ஃபோகஸ் வைத்துக்கொண்டேன்.

"கோடையில குடத்தைத் தூக்கிட்டு அலையற ஊர்ல தண்ணிய வெச்சு விளையாட்டா?" என்று வீட்டில் திட்டு. ஒரே சொம்புத் தண்ணீரைத்தான் திரும்பத் திரும்ப ஊற்றுகிறேன், கடைசியில் கறிவேப்பிலைச் செடிக்கு என்று சமாதானம் சொன்னேன்.

பத்தாம் நாள் இரவு ஒரு படம் தெளிவாக விழுந்தது. அந்தரத்தில் நிற்கும் சொட்டு. பார்த்ததும் திக்கென்றது. அது உருண்டையாக இருந்தது.

முப்பது வருடம் நான் போர்டில் வரைந்த சொட்டு மேலே கூர், கீழே உருண்டை. டியூப் முனையில் தொங்கும்போது வால் இருக்கிறது, உண்மைதான். அறுந்ததும் பரப்பு இழுவிசை அதை உருண்டையாகச் சுருட்டிவிடுகிறது. லேசாகத் தட்டையாகியும் நீண்டும் துடித்துக்கொண்டே விழுகிறது.

ஒரு மாணவன் பரீட்சையில் உருண்டையாகத்தான் வரைந்திருந்தான். இரண்டு மதிப்பெண் குறைத்தேன். "ஓட்டுல இருந்து சொட்டறப்போ பார்த்தேன் சார், உருண்டையாத்தான் இருந்துச்சு" என்றான். "போர்டுல இருக்கறதைப் போடு" என்று அதட்டி உட்காரவைத்தேன். அதன் பிறகு அவன் என் வகுப்பில் கேள்வியே கேட்கவில்லை. மதிப்பெண்ணை விட அதுதான் இப்போது உறுத்துகிறது.

இங்கிலாந்தில் ஆர்தர் வொர்திங்டன் என்று ஓர் இயற்பியல் ஆசிரியர். சொட்டு சிதறுவதை மின்பொறி வெளிச்சத்தில் பார்த்துப் பல வருடம் கையால் வரைந்தார். எல்லாம் ஒழுங்கான, அழகான வடிவங்கள். 1890-களில் அதைப் புகைப்படம் எடுத்தபோதுதான் உண்மைச் சிதறல் கோணல்மாணலாக இருப்பது தெரிந்தது. தவறை மறைக்காமல் சொன்னார். 1908-இல் புத்தகமும் போட்டார். அவருக்கே அப்படி என்றால் நான் எம்மாத்திரம்? ஆனால் அவர் யாருடைய மதிப்பெண்ணையும் குறைத்ததாகத் தெரியவில்லை!

தம்பி, பெயர் எழுதவில்லை. படித்தால் உனக்குத் தெரியும். நீ வரைந்ததுதான் சரி. ஊருக்கு வந்தால் பிள்ளைகளோடு வீட்டுக்கு வா. டியூபும் தட்டும் தயாராக இருக்கின்றன. இந்த முறை நீ சொல், நான் கேட்கிறேன்.