பதினைந்து கிராம்

லாசப்பல் மெற்றோவில இறங்கி, மரக்கறிக்கடை, புடவைக்கடை, கொத்துரொட்டிச் சத்தம் எல்லாம் தாண்டி அப்பா வீட்டுக்குப் போனால், ஞாயிறு பின்னேரம் கரம் நிச்சயம்.

ஆனால் ஆட்டத்துக்கு முதல் வாக்குவாதம்: எவருடைய ஸ்ட்ரைக்கர் நல்லது? பாரம் குறைந்தது சொன்ன இடத்துக்குப் போகும் என்பார் மாமா. அப்பாவுக்குப் பாரமானதுதான் வேணும்.

போன கிழமை என் பத்து வயது மகன் அப்பாவின் ஸ்ட்ரைக்கரைச் சமையல் தராசில வைத்தான். 17 கிராம்! 1988இல் சென்னையில் தொடங்கிய சர்வதேச கரம் சம்மேளனத்தின் விதிப்படி 15க்கு மேல் கூடாது.

"அப்பப்பா, அளாப்பாதேங்கோ! ஏன் இவ்வளவு பாரம்?"

அப்பா சிரித்தார். "தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பவுடர் இல்லை. பலகை இழுக்கும், பாரமில்லாட்டி ஸ்ட்ரைக்கர் பாதியில நிண்டிடும். கை அப்பிடியே பழகிப்போச்சு."

இதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. மகன் விடவில்லை. தடை எண்டால் என்ன, சவுக்காரத்துக்கு என்ன செய்தனீங்கள் என்று பிரெஞ்சு கலந்த தமிழில் கேள்விக்கு மேல் கேள்வி. ஆட்டம் தொடங்க இருட்டிவிட்டது.

உங்கள் வீட்டிலும் கரம் போர்ட் கட்டிலுக்குக் கீழே கிடந்தால், வெளியே எடுங்கோ. பிள்ளையிடம் தராசையும் குடுங்கோ.