நரையும் ஒரு சேதி சொல்லும்

எங்கள் பிறந்த வீட்டில் இருபத்தைந்து வயதிலேயே தலை நரைத்துவிடும். அம்மாவுக்கு அப்படித்தான், பெரியம்மாவுக்கும் அப்படித்தான். எனக்கும் அண்ணனுக்கும் அதே கதை. "பித்த உடம்பு" என்று சொல்லிக் கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சித் தேய்ப்பதோடு சரி. பெரியம்மா அறுபதைத் தொடுமுன்பே இளைப்பு கண்டு இறந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று யாருக்குத் தெரியும்?

அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் வறட்டு இருமல் வந்தது. பிறகு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பஞ்சு போலிருக்க வேண்டிய நுரையீரல் தழும்பேறித் தேங்காய் நார் மாதிரி இறுகிவிட்டது என்றார்கள். மாற்று நுரையீரல் வைப்பதுதான் வழி. ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதி என்று அண்ணனும் அண்ணியும் அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஆக்ஸிஜன் மெஷின் இரவும் பகலும் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் டாக்டரம்மா கேட்டார்: "உங்க குடும்பத்திலே யாருக்காவது இளநரை உண்டா? மூச்சிரைப்பு? குடிப்பழக்கம் இல்லாமலே ஈரல் சுருக்கம்?"

அண்ணி என் முகத்தைப் பார்த்தாள். வாழ வந்தவளுக்குப் பழங்கதை எப்படித் தெரியும்? பெரியம்மாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். டாக்டரம்மா ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு, மரபணுச் சோதனைக்கு ரத்தம் அனுப்பினார். அவர் ஊகித்தது சரியாகவே இருந்தது.

புடவைத் தலைப்பில் நூல் பிரியாமலிருக்க முடிச்சுப் போடுகிறோம் அல்லவா? நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் மரபணு இழைகளின் நுனிக்கும் அப்படி ஒரு காப்பு உண்டு. டெலோமியர் என்று பெயர். செல் பிரியப் பிரிய அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அந்தத் தேய்மானத்தை ஈடுகட்டும் பொருளை 1984-ல் கண்டுபிடித்தவர்கள் எலிசபெத் பிளாக்பர்ன், அவருடைய மாணவி கரோல் கிரைடர் என்ற இரு பெண்கள். ஜாக் சோஸ்டாக்குடன் சேர்ந்து 2009-ல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

சில குடும்பங்களில் இந்த ஈடுகட்டும் வேலை பிறவியிலேயே குறைவாக இருக்கும். டெலோமியர் சீக்கிரம் குட்டையாகிவிடும். தலை நரைப்பது, நுரையீரல் தழும்பேறுவது, எலும்பு மஜ்ஜை சோர்வது எல்லாம் அதனால் வரக்கூடியவை.

நுரையீரல் மாற்றிய பிறகும் இதன் தொல்லை விடாது. புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமலிருக்க ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட வேண்டும். மஜ்ஜை சோர்ந்தவர்களுக்கு அந்த மருந்தாலேயே வெள்ளணுக்கள் சரிந்து, தொற்று நோய்கள் சுலபமாகப் பற்றும். டெலோமியர் குட்டையானவர்கள் ஆபரேஷனுக்குப் பின் வாழும் காலம் குறைவாக இருந்ததாக 2017-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. எல்லா ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. "மாற்றக்கூடாது என்று அர்த்தமில்லை. ஜாக்கிரதையாகப் பார்த்துக்கணும் என்றுதான் அர்த்தம்" என்றார் டாக்டரம்மா.

2008-ல் ஹிதேந்திரன் என்ற பையனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து எங்கள் பக்கத்து முகப்பேருக்குப் பறந்து வந்தது பலருக்கு நினைவிருக்கும். அதே போலத் தங்கள் துக்கத்திலும் மனசு வைத்த யாரோ ஒரு குடும்பம் அண்ணனுக்கு மூச்சைக் கொடுத்தது.

இரண்டாம் மாதம் வெள்ளணுக்கள் மளமளவென்று இறங்கின. டாக்டர்கள் முன்கூட்டியே எதிர்பார்த்திருந்ததால் உடனே ஒரு மருந்தின் அளவைக் குறைத்துச் சமாளித்தார்கள். மூன்று வருஷமாகிறது. அண்ணன் ஏரிக்கரையில் தினமும் நடக்கிறார். முகக்கவசமும் மாத்திரை டப்பாவும் கூடவே போகும்.

"பையனுக்கும் வருமா?" என்று அண்ணி கேட்டதற்கு, "பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்றார் டாக்டரம்மா. சோதனை செய்துகொள்வதா என்று பையன் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் சிகரெட்டை அன்றோடு விட்டுவிட்டான்.

சகோதரிகளே, இளநரை கண்டவர்களெல்லாம் பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு அது வெறும் நரைதான். ஆனால் அதோடு மூச்சிரைப்பும் குடும்பத்தில் தொடர்ந்து வந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்பதெல்லாம் வீட்டுப் பெண்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது. பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே கடைசி இரண்டு பக்கம் ஒதுக்கி, பிறந்த வீடு ஒரு பக்கம், புகுந்த வீடு ஒரு பக்கம் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள்.