நான் படித்துக் காட்டாத பத்திரம்

நான் ஆவண எழுத்தர். சென்னையில் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் மேசை போட்டு 34 ஆண்டுகள் பத்திரம் எழுதினேன். நான் எழுதிய ஒரு பத்திரம்கூடப் பிழை என்று திரும்பி வந்ததில்லை. அதில் எனக்குப் பெரிய கர்வம் இருந்தது. அந்தத் திறமையை வைத்துத்தான் ஏழைகளின் மனைகளை அடுத்தவர் கைக்கு மாற்றிக் கொடுத்தேன்.

எந்த மனைகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1977இல் உலக வங்கிக் கடனில் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் மனை பிரித்தார்கள். அடுத்த கட்டத்தில் முகப்பேர் வந்தது. கட்டிய வீடு கிடையாது. மனை, தண்ணீர், சாக்கடை, கழிப்பறை, அவ்வளவுதான். கையில் காசு சேரச் சேரச் சுவரும் கூரையும் அவரவர் எழுப்பிக்கொள்ள வேண்டும். பெரிய மனைகளை வசதியானவர்களுக்குக் கூடுதல் விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் ஏழைகளுக்குச் சின்ன மனைகளை மலிவாகக் கொடுத்தார்கள். கால் கிரவுண்டுகூட வராத மனைகள். தவணை கட்டி முடித்தால்தான் கிரயப் பத்திரம். அதுவரை யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை.

அந்த நிபந்தனையைத் தாண்ட மூன்று தாள் போதும். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக ஒரு கிரய ஒப்பந்தம். வாங்குபவருக்கு ஒரு பொது அதிகார ஆவணம். அதை நாங்கள் பவர் என்போம். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் அவரோடு போய்விடும். அதனால் வாங்குபவருக்கு மனை சேரும்படி, விற்பவர் எழுதுவதாக ஓர் உயில். விற்பனை என்ற சொல் எங்கும் வராது. ஆனால் வீடு போய்விடும். இந்த மூன்றையும் ஒரு மணி நேரத்தில் எழுதுவேன். தரகர்கள் என்னைத் தேடி வந்தது அதற்காகத்தான்.

1996இல் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்கு வந்தது. சுற்றுவட்டாரத்தில் மனை விலை ஏறியது. அந்த வருடம் ஒரு தரகர் ஓர் அம்மாவைக் கூட்டி வந்தார். சித்தாள் வேலை செய்பவர். கணவருக்கு அறுவை சிகிச்சை. அன்றைக்கே பணம் வேண்டும். ஒதுக்கீட்டு ஆணையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மடியில் வைத்திருந்தார்.

கையெழுத்துப் போடத் தெரியாது. இடது பெருவிரலில் மை தடவினேன். ரேகை விழவில்லை. சிமெண்டும் சுண்ணாம்பும் தின்ற விரல். ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். வெறும் கறுப்புத் திட்டுதான் விழுந்தது. மூன்றாவது முறை அவர் விரலை நானே பிடித்து அழுத்தினேன். அப்போது அவர் கேட்டார்: "சார், ஊடு எம்பேர்லயேதான இருக்கும்?"

தரகர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "ஆமாம்மா, உன் பேர்லயேதான் இருக்கும்."

தாளில் பெயர் அவருடையதுதான். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னேன். "படித்துக் காட்டப்பட்டு, விளங்கி, சம்மதித்து வைத்த ரேகை" என்று அடியில் எழுதியிருந்தேன். ஒரு வரிகூடப் படித்துக் காட்டவில்லை. படித்திருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். அந்தத் தரகர் அதற்குப் பிறகு என் மேசைக்கு வந்திருக்க மாட்டார். எனக்கு அந்தப் பயம் இருந்தது. எழுத்துக்கூலியை எண்ணி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இப்படி எத்தனை எழுதினேன் என்று கணக்கு வைக்கவில்லை. கணக்கு வைக்காததும் என் குற்றம்தான். இந்த மூன்று தாள் வழியில் சொத்துரிமை மாறாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் எங்கள் பக்கத்தில் பல சின்ன மனைகள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து மாடி வீடுகளாகிவிட்டன.

இதுவரை ஒன்றை மறைத்தேன். அந்த அம்மாவின் மனைக்கு அடுத்த வரிசையில் ஒரு மனையை நானே வாங்கினேன். அதே மூன்று தாள். என் மைத்துனர் பெயரில். அதில் நான் ஒரு நாளும் குடியிருக்கவில்லை. பூட்டிப் போட்டேன். விலை ஏறட்டும் என்று காத்திருந்தேன். 2002இல் கோயம்பேடு பேருந்து நிலையம் திறந்தது. அடுத்த வருடம் விற்றேன். அந்தப் பணத்தில் கட்டிய மாடி அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

2017இல் ஓர் இளைஞர் அதே பிளாஸ்டிக் பையோடு வந்தார். அந்த அம்மாவின் மகன். மனை போன பிறகு கூவம் கரையோரம் வாடகைக் குடிசையில் இருந்திருக்கிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையைக் காலி செய்து, குடும்பத்தைப் பெரும்பாக்கத்தில் அரசு கட்டிய அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். முன்பு வேலை செய்த இடத்துக்கு அங்கிருந்து 30 கிலோமீட்டர் இருக்கும். அம்மா வேலையை விட்டுவிட்டார். "முகப்பேர்ல மனை அம்மா பேர்லதான் இருக்குன்னு சொல்லுவாங்க சார். எப்படி வாங்குறது?" என்று கேட்டார். இருபத்தொரு வருடம் என் வார்த்தையை நம்பியிருக்கிறார் அந்த அம்மா. "அது கைமாறிப்போச்சு தம்பி" என்றேன். எழுதியவன் நான்தான் என்று சொல்லவில்லை.

வேறு ஊர்களில் இப்படி எளிதாகக் கைமாற்றிவிட முடியாது. என் தங்கை மகன் சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருக்கிறான். வாங்கி 5 வருடமாவது குடியிருந்தால்தான் விற்க முடியும். நகரின் முக்கியமான இடங்களில் இப்போது கட்டும் வீடுகளுக்கு அது 10 வருடம். விற்கும்போது, பெற்ற கூடுதல் மானியத்துக்காக விற்பனை விலையில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டவும் வேண்டும். வியன்னாவில் சுமார் 2,20,000 வீடுகளை மாநகராட்சியே சொந்தமாக வைத்து வாடகைக்கு விடுகிறது. விற்பனைக்கே வராத வீட்டுக்கு என்னைப் போன்றவன் எந்தப் பத்திரமும் எழுத முடியாது.

நம்மிடமும் விற்கக் கூடாது என்ற விதி இருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதை உடைத்தவன் என்பதால் சொல்கிறேன். அவசரத்துக்குப் பணம் தேவைப்படுகிறவருக்கு விதி மட்டும் காவல் இல்லை. அன்று காலையில் அந்த அம்மாவுக்குத் தவணையில் அவகாசமும் ஒரு சிறு கடனும் கிடைத்திருந்தால் என்னிடம் வந்திருக்க மாட்டார். விற்றே ஆக வேண்டும் என்றாலும், நகரமே நியாயமான விலைக்குத் திரும்ப வாங்கி இன்னொரு ஏழைக்குக் கொடுத்திருந்தால் தரகருக்கும் எனக்கும் அங்கே வேலை இல்லை. யார் பெயரில் ஒதுக்கீடோ அவர்தான் குடியிருக்கிறாரா என்று வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து கதவைத் தட்டியிருந்தால், நான் பூட்டிய மனை அன்றே பிடிபட்டிருக்கும்.

இவையெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் எழுதினேன். மற்றவர்களும் எழுதினார்கள் என்பது எனக்குச் சாக்கு ஆகாது. அந்த விரலை அழுத்தியது என் கை.

அந்த அம்மா பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் இருக்கிறார். முகவரி என்னிடம் இருக்கிறது. இதை எடுத்துப்போய் அவர் எதிரில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக் காட்ட வேண்டும். இன்னும் போகவில்லை. பயம்தான் காரணம்.